ஓட்டுக் கூரைக்கு இரும்புச் சட்டம் போட்டால் தீ பயம் தீருமா?

கேள்வி: கும்பகோணம் அருகே உள்ள எங்கள் பூர்வீக வீடு, இருபுறமும் பொதுச் சுவர் கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. அகலம் 20 அடி. பனங்கைகளின் (பனமரக் கைமரங்களின்) மேல் ரீப்பர் என்னும் குறுக்குச் சட்டங்களை அடித்து மங்களூர் ஓடு வேய்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு அடுத்த வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ எங்கள் கூரையின் ஓரத்தையும் கருக்கிவிட்டது. மரத்தை முழுவதும் அகற்றிவிட்டு 2 மி.மீ. தடிமனுள்ள சதுரக் குழாயில் சட்டம் அமைத்தால் தீ பயமே இருக்காது என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். அவர் சொல்வது சரியா? முன்புறத் திண்ணைக்கு மட்டும் ஸ்லேட் கல் வேயவும் விரும்புகிறோம்.

பதில்: பட்டறைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. இரும்பு எரியாது, ஆகவே தீக்கு இரையாகும் பொருளின் அளவு கூரையில் குறையும். ஆனால் எரியாமல் இருப்பது வேறு, தீயின் நடுவே பாரத்தைத் தாங்கி நிற்பது வேறு. வீட்டில் உள்ளவர்கள் வெளியேறும் வரையிலும், தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழைந்து வேலை செய்யும் வரையிலும் ஓடுகள் தலைமேல் விழாமல் இருக்க வேண்டும் என்பதே நமக்குத் தேவை. அந்த அளவுகோலில் பார்த்தால், மூடாமல் விடப்பட்ட மெல்லிய இரும்புக் குழாய் நல்ல பருமனான மரத்தைவிட மோசமானது.

கணக்கைப் பாருங்கள். மங்களூர் ஓடும் ரீப்பரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ எடை. கட்டுமான எஃகு 400 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் வலுவிழக்கத் தொடங்கி, 600 டிகிரியை எட்டும்போது பாதிக்கும் குறைவான வலுவோடு நிற்கும். ஆய்வகங்களில் பின்பற்றும் தரநிலைத் தீச்சோதனையில் உலையின் வெப்பம் ஐந்தாவது நிமிடத்திலேயே 570 டிகிரியைக் கடந்துவிடுகிறது. பத்தாவது நிமிடத்தில் அது 680 டிகிரியை நெருங்குகிறது. தடிமனான எஃகு உத்தரம் சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும். 2 மி.மீ. சுவர் கொண்ட குழாய் சுற்றியுள்ள வெப்பத்தைச் சற்றுப் பின்தங்கி அப்படியே தொடர்வதால், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தொய்ந்துவிடும். அதன் மேல் அடிக்கும் ரெட் ஆக்சைடு துருவைத் தடுக்குமே தவிர, தீயிலிருந்து ஒரு நிமிடத்தைக்கூட வாங்கித் தராது.

மரம் நடந்துகொள்ளும் விதம் வேறு. அடர்த்தியான மரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில் மேற்பரப்பிலிருந்து கரியாகிக்கொண்டு போகும். அந்தக் கரிப்படலமே உள்ளே இருக்கும் மரத்துக்குக் காப்பாகவும் அமையும். 100 மி.மீ. அகலமுள்ள விட்டம் அரை மணி நேரம் தீயில் இருந்தாலும் பக்கத்துக்குப் பதினாறு பதினேழு மில்லிமீட்டர்தான் இழக்கும். ஆனால் ஓடுகளை நேரடியாகச் சுமக்கும் ரீப்பர் ஒரு அங்குலக் கனமுள்ள மெல்லிய சட்டம். எல்லாப் பக்கமும் வெந்து சீக்கிரமே முறியும். ஓட்டுக் கூரைத் தீயில் ரீப்பர் முறிந்து ஓடுகள் சரிவதும், அந்தத் திறப்பின் வழியே காற்று புகுந்து தீ மேலும் கொழுந்துவிடுவதும் இதனால்தான்.

ஆகவே என் ஆலோசனை இது. பனங்கைகளை அகற்றுவதற்கு முன் அவற்றைச் சோதியுங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளில்தான் ஈரமும் கரையானும் முதலில் தங்கும்; அங்கே உளியால் குத்திப் பார்த்து, சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். வைரம் பாய்ந்த பனங்கை கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று அடங்கும். உறுதியானவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கருகியவற்றையும் உளுத்தவற்றையும் மட்டும் மாற்றி, மர ரீப்பர்களை முழுமையாக நீக்கிவிட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ரீப்பர் போடலாம். ரீப்பர் இடைவெளியை உங்கள் பழைய ஓடுகளையே வைத்து அளந்து முடிவு செய்ய வேண்டும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை ஓட்டின் அளவு சற்று மாறும் என்பதால் பட்டறையின் வழக்கமான அளவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை மரத்துக்கு ஊட்டுவது கரையானுக்கும் நல்லது, தீப்பற்றுவதையும் தாமதப்படுத்தும். ஆனால் ஓடு ஒழுகினால் கரைந்து போய்விடும்.

மரமோ இரும்போ, கூரைச் சட்டத்தை உண்மையில் காப்பாற்றுவது அதன் கீழே அமையும் தடுப்புதான். பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் 1836-ஆம் ஆண்டுத் தீ பழைய மரக் கூரையை முழுவதும் அழித்தபின், வார்ப்பிரும்புச் சட்டமும் செப்புத் தகடும் கொண்டு புதிய கூரை அமைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கும் கீழே உள்ள மண்டபத்துக்கும் நடுவே கல் வளைவுக் கூரை ஒன்று இருக்கிறது. கீழிருந்து வரும் அனலை அது மறிக்கும், மேலேயும் எரிவதற்கு எதுவுமில்லை. உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது சீலிங். ஓடு சிறிதளவாவது ஒழுகும் என்பதால், சாதாரண ஜிப்சம் போர்டைவிடக் கால்சியம் சிலிகேட் போர்டு உகந்தது. இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் இணைப்பு மற்றதன் இணைப்போடு சேராதபடி, ஜிஐ சேனலில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். விளக்குக்காகவும் மின்விசிறிக் கொக்கிக்காகவும் வெட்டும் துளைகளைத் தீத்தடுப்பு மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசை கொண்டு அடைக்க வேண்டும். போர்டு தனியாகச் சான்று பெற்றிருந்தால் போதாது; சேனல், திருகாணி, இணைப்பு எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்கும் எத்தனை நிமிடம் என்ற சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அழகுக்காகப் பிவிசி சீலிங்கையோ தெர்மாகோலையோ தயவுசெய்து மாட்டாதீர்கள். அவற்றின் புகை ஆளைக் கொல்லும்.

வெப்பத்தில் உப்பி நுரைத்துக் காப்பாகும் பெயிண்டைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். பருமனான எஃகுக்கு அது நல்ல வழி. குழாய் மெலிய மெலியப் பூச்சின் கனம் கூட வேண்டியிருப்பதால், 2 மி.மீ. குழாயில் செலவு எகிறுமே தவிர, பயன் குறைவு.

உங்கள் கூரை கருகியதற்கு முக்கியக் காரணம் பொதுச் சுவர் என்றே கருதுகிறேன். பழைய வரிசை வீடுகளில் இரு வீட்டு விட்டங்களின் நுனிகளும் சுவரில் ஒரே துளையில் நேருக்கு நேர் முட்டி நிற்பதும், சுவர் கைமரத்தின் அடியோடு நின்று அதற்கு மேல் ஓடு வரை வெற்றிடமாக இருப்பதும் பரவலாகக் காணப்படுபவை. பக்கத்து வீட்டுத் தீ அந்த வெற்றிடத்தின் வழியே எளிதாக உள்ளே வந்துவிடும். அணில் கூடும் தேங்காய் நாரும் காய்ந்த சருகும் சேர்ந்து கிடப்பதும் அங்கேதான். சுவரை ஓட்டின் அடிப்பாகம் வரை செங்கல்லால் உயர்த்தி, ஓட்டின் வளைவுகளுக்குள் சாந்து திணித்து முழுவதுமாக மூடுங்கள். ரீப்பர் எதுவும் சுவரைத் தாண்டித் தொடரக் கூடாது. விட்ட நுனிகளுக்கு நடுவே குறைந்தது ஒரு செங்கல் கனத்துக்காவது கட்டுவேலை இருக்க வேண்டும். அடுத்த வீட்டாரின் சம்மதம் பெற்று இதைச் செய்யுங்கள். எல்லாவற்றிலும் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இந்த வேலையே.

சோதித்தபின் விட்டங்களையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தால், குழாயை விட்டுவிட்டுக் கனமான ஐ வடிவ எஃகைக் கேளுங்கள். கீழே சீலிங் அப்போதும் வேண்டும். 20 அடி நீள எஃகு 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளும். இரு நுனிகளையும் கான்கிரீட்டில் இறுக்கிவிட்டால் அது வளையும், இல்லையென்றால் மண்சாந்தில் கட்டிய உங்கள் சுவரை வெளியே தள்ளும். ஒரு நுனியை நீள்துளையில் போல்ட் செய்து நகர இடம் கொடுங்கள். சாய்வான கான்கிரீட் கூரைத் தளம் தீக்கு நல்லதுதான். ஆனால் நான்கு அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை ஏற்றும் என்பதால் உங்கள் சுவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

திண்ணைக்கு ஸ்லேட் வேய்வதில் சிக்கல் ஆணியில் இருக்கிறது. ஓடு தன் எடையிலேயே ரீப்பரைக் கொக்கியாகப் பற்றி நிற்கும். ஸ்லேட்டுக்கு ஆணி வேண்டும், இரும்பில் ஆணி இறங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொதுக் கட்டடங்களில் டி வடிவ இரும்புகளுக்கு இடையே உள்ளீடற்ற சுடுமண் பலகைகளைச் செருகி, அவற்றின் மேல் ஸ்லேட்டைப் பதித்தார்கள். நம் ஊரில் கிடைக்கும் தட்டையான சீலிங் ஓடுகளை டி ஆங்கிளுக்கு இடையே அடுக்கி ஏறத்தாழ அதே பலனைப் பெறலாம். இரும்பின் அடிவிளிம்பு மட்டுமே அனலுக்குத் தெரியும். அதன் மேல் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளால் ஸ்லேட்டை மாட்டுங்கள். தீயின் சூட்டில் ஸ்லேட் வெடித்துச் சிதறக்கூடும் என்பதால், வீட்டின் ஒரே வாசல் திண்ணை வழியாகத்தான் என்றால், அங்கேயும் மங்களூர் ஓட்டையே வேய்வது நல்லது.

கைமரத்தோடு ஓடும் பழைய மின்கம்பிகளை, கூரை திறந்திருக்கும் இந்த நேரத்திலேயே அகற்றிப் புதியவற்றை இரும்புக் குழாய்க்குள் இழுத்துவிடுங்கள். சீலிங் மூடியபின் அங்கே எட்டிப் பார்க்க, தீத்தடுப்புக் கதவு கொண்ட திறப்பு ஒன்றையும் விட்டுவையுங்கள்.