பூனையின் பாதக் காயத்துக்கு டெட்டால் வேண்டாம்

பூனை தகரத்தில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்டு நொண்டுகிறது, டெட்டால் போட்டு, வலிக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரை தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த மாத்திரை மட்டும் வேண்டாம். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. ரத்த அணுக்கள் கெட்டு மூச்சுத் திணறும். கால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து. டெட்டாலும் பூனைக்கு நஞ்சுதான், நக்கியே உள்ளே போய்விடும்.

அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, வெதுவெதுப்பாக ஊற்றிக் கழுவுங்கள். பூனையைத் துண்டில் சுற்றி அந்தக் காலை மட்டும் வெளியே விட்டால் உங்களைப் பிறாண்டாது. விரல் இடுக்குகளை மெல்ல விரித்து, துணுக்கு ஏதும் இருக்கிறதா பாருங்கள். ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், அது டாக்டர் வேலை. அப்புறம் பெட்டாடின் கரைசலை வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்து ஒற்றுங்கள். காயும்வரை நக்க விடக்கூடாது.

கட்டு வேண்டாம், இறுகினால் பாதம் வீங்கும். மணல் பெட்டியில் சில நாள் கிழித்த செய்தித்தாள் போடுங்கள்; மணல் காயத்தில் ஒட்டும்.

பத்து நிமிடம் துணியால் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நாளைக்கும் அந்தக் காலை ஊன்றாமலோ சாப்பிடாமலோ இருந்தாலும், வீக்கமோ நாற்றமோ தெரிந்தாலும் அதேதான்.