லயத்துக் காம்பரா (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) பாதுகாப்பானதா? கேள்வி பதில்

கேள்வி (பதுளை, ஓர் அக்கா): காம்பராவின் பின்சுவரில் வெடிப்பு. சீமெந்து பூசினால் போதுமா?

பதில்: இப்போதைக்குப் பூச வேண்டாம் அக்கா. பூசினால் வெடிப்பு வளர்வது தெரியாது. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் சுவர் இன்னும் அசைகிறது.

அப்புறம் பின்னால் உள்ள மேட்டைப் பாருங்கள். நிலத்தில் புதுப் பிளவு, சாயும் மரம், திடீரென இறுகும் கதவு, புதிதாகக் கசியும் ஊற்று, ஓடிய ஊற்று கலங்குவது அல்லது வற்றுவது, எல்லாமே மண் நகரும் அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் மழை நேரத்தில் அங்கே படுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே விழிப்பாக இருக்க வேண்டும். 150 தாண்டினால் சாமான் எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்ணில் புதைந்த பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டமும் முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்தான்.

கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுதி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். அவசரத்துக்கு 117, அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

கேள்வி (பொகவந்தலாவை, ஒரு தம்பி): டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. நேரடியாக இணைத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது தம்பி. எங்கோ மின்சாரம் கசிவதால்தான் அது விழுகிறது. உயிரைக் காக்கும் சாமானைக் கழற்றாதே. மின்வேலை தெரிந்தவரிடம் கூரைக்குள் உள்ள வயர் இணைப்புகளைக் காட்டு. பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடிவிடும்.

கேள்வி (மஸ்கெலியா): பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டில் துளை போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. உடைந்த துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டாமல், தண்ணீர் தெளித்து எடுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை, ஓர் ஐயா): கான் (வடிகால்) அடைத்து, கக்கூஸ் தண்ணீர் இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வருகிறது. தோட்டத் துரை (முகாமையாளர்) பிரதேச சபையைக் காட்டுகிறார், சபை தோட்டத்தைக் காட்டுகிறது.

பதில்: லயம் தோட்டத்தின் சொத்து ஐயா, திருத்தும் பொறுப்பும் அவர்களுடையதே. ஆனால் 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால், தோட்டத்துக்குள் வேலை செய்ய சபைக்கும் வழி உண்டு. கழிவுநீர் சுகாதாரப் பிரச்சினை என்பதால், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வரச் சொல்லிக் கேளுங்கள். மூன்று இடத்துக்கும் ஒரே கடிதம், படங்களோடு. லயத்தார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வையுங்கள்.