கார்பன் சைக்கிளைக் காரில் ஏற்றித் தனுஷ்கோடிக்குக் கொண்டுவருவது எப்படி?

மதுரையிலிருந்து ஹேட்ச்பேக் காரில் இரண்டு பேர், இரண்டு கார்பன் சைக்கிள் (கார்பன் இழையில் செய்த ஃப்ரேம்). டிக்கியில் மாட்டும் ரேக் வாங்கலாமா, வேறு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன் பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊரில் இருக்கிறேன், ஆறு வருடமாகக் கார்பன் சைக்கிள்தான் ஓட்டுகிறேன். வழியில் வரும் ஆபத்தை விட, இங்கே வந்த பிறகு கடல் உப்பால் சைக்கிளுக்கு வரும் கெடுதல்தான் பெரிது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

டிக்கி ரேக் வேண்டாம். பெரும்பாலான டிக்கி ரேக்குகளில் சைக்கிளின் மேல் குழாயைத்தான் கவ்விப் பிடிப்பார்கள். ஆள் உட்கார்ந்து மிதிக்கும் பாரத்தைக் கார்பன் குழாய் அலட்டாமல் தாங்கும். பக்கவாட்டில் ஒரே இடத்தை நசுக்கினால் தாங்காது. பின்னால் தொங்கும் சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராக வந்தால் அந்தச் சூட்டில் டயரும் கார்பன் ரிம்மும் கெட்டுப்போகும். போதாததற்கு நம்பர் பிளேட்டும் மறையும்.

இரண்டு பேர்தான் என்பதால் பின் சீட்டை மடித்து உள்ளேயே வையுங்கள். சக்கரம் நான்கையும் கழற்றிவிடுங்கள். கியர் இருக்கும் பக்கம் மேலே பார்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே ஏதாவது செருகுங்கள். மடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை போதும், எண்ணெய்க் கறை மட்டும் இருக்கக்கூடாது. இல்லையென்றால் வழியில் பிரேக் பிடி அமுங்கி, பேடுகள் ஒட்டிக்கொண்டு, சக்கரத்தைத் திரும்ப மாட்ட முடியாது. முன் ஆக்சிலை, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலேயே திருப்பி மாட்டிவிட்டால் ஃபோர்க்கின் கால்கள் நெளியாது. ஏசி பைப்பில் சுற்றும் கறுப்பு ஃபோமை நீளவாக்கில் கீறி ஃப்ரேம் குழாய்களில் மாட்டுங்கள். இரண்டு சைக்கிளுக்கும் நடுவே ஒரு பழைய போர்வை.

கூரைக் கேரியர் ஏற்கெனவே இருந்தால் சக்கரத்தைப் பிடிக்கும் வகை பரவாயில்லை. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் கார் வெறுமனே போனாலே பக்கவாட்டில் தள்ளும். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மேலே சைக்கிள் இருந்தால் நாற்பதைத் தாண்டாதீர்கள். ஏறும் முன் மண்டபத்தில் நிறுத்தி வார்களை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

சரி, உப்பு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், ஒரு பக்கம் பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் வங்காள விரிகுடா, மறுபக்கம் ஆண் கடலான மன்னார் வளைகுடா. நீங்கள் தண்ணீரைத் தொடவே வேண்டாம், காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசிவிடும். கார்பன் துருப்பிடிக்காது என்று நினைத்து நான் முதல் வருடம் சும்மா விட்டுவிட்டேன். என் சைக்கிளில் ஃப்ரேம் கார்பன், அதற்குள் இறங்கி சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் அலுமினியம். கார்பன் இழை மின்சாரம் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருந்து நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். அரிபடுவது அலுமினியம். அரிந்த பொடி உள்ளேயே உப்பி, போஸ்ட்டை இறுக்கிவிடும். பதினொரு மாதம் கழித்து உயரத்தை மாற்றப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் போஸ்ட்டை மேலே அறுத்து, உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுத்தோம். மூன்று நாள். சுண்ணாம்பு மாதிரி சாம்பல் நிறப் பொடி தரையில் விரித்த பேப்பர் முழுக்கக் கொட்டியது. பிளேடு ஒரு மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் ஃப்ரேம் போயிருக்கும்.

அதனால் ஓட்டி முடித்த அன்றே கழுவுங்கள். இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது: ராமேஸ்வரம் தீவில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. தங்கும் இடத்தில் காவிரித் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் 20 லிட்டர் கேன் ஒன்று வாங்குங்கள். மெதுவாக ஊற்றுங்கள், பிரஷர் பம்ப் வேண்டாம், அது பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, நிழலில் காயவையுங்கள்.

மதுரை போனதும் சீட் போஸ்ட்டை உருவுங்கள். உருவும் முன் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளே துடைத்துவிட்டுக் கார்பன் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் போஸ்ட் வழுக்கும், வழுக்குகிறதே என்று அதிகம் இறுக்குவோம், குழாய் விரியும். பேஸ்ட்டில் நுண்ணிய மணல் போன்ற துகள் இருப்பதால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். போஸ்ட்டை இறுக்கும் கிளாம்பிலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அளவு) என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 5 அல்லது அதை ஒட்டி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவோடு நிறுத்துங்கள்.

வழியில் ஃப்ரேம் எங்காவது இடித்திருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஒரே இடத்தில் மட்டும் மொத்தென்று மாறினால் ஓட்டாதீர்கள். கார்பன் இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக முறியும்.

இன்னொன்று, எங்கள் மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம், அதன் முள் டயரில் ஏறிவிடும். சாலை ஓரத்தில் நிறுத்தும்போது சைக்கிளை மண்ணில் இறக்காமல் தூக்கி வையுங்கள், ஆளுக்கு இரண்டு டியூப் கூடுதலாக எடுத்து வாருங்கள்.