நாற்பதுக்கு மேல் என்ன விளையாட்டு? கேள்வி பதில்

கடலூரில் பெரியவர்களுக்காக மாலை நேர விளையாட்டுக் கூடுகை நடத்தி வருகிறேன். அங்கே வருகிறவர்களும் புதுச்சேரி நண்பர்களும் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு ஓவியம், பாட்டு எதுவும் வராது. கற்பனையே இல்லாதவள் விளையாடி என்ன ஆகப்போகிறது? (வங்கி ஊழியர், மஞ்சக்குப்பம்)

பஸ்ஸில் அழுகிற குழந்தைக்குச் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டி, அதையே ஒரு பொம்மையாக்கிப் பேச வைத்திருப்பீர்கள்தானே? அது கற்பனை இல்லாமல் நடக்காது. ஓவியம் வரவில்லை என்றால் கைப்பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள், வீட்டில் இருக்கும் மூன்றே பொருள்களை வைத்து இதுவரை செய்யாத ஒன்றைச் சமையுங்கள். உப்பும் எண்ணெயும் கணக்கில் சேராது. ருசி சுமாராக இருந்தாலும் அடுத்த வாரம் வேறு மூன்றை எடுங்கள்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நேரமே இல்லையே? (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பி, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் போதும். முன்னால் போகும் வண்டியின் 4 எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து 10 வருகிறதா பாருங்கள். எல்லா எண்ணிலும் வராது. நீங்களே வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

மார்கழியில் தினமும் கோலம் போடுகிறேன். ஆனால் கைபேசியில் பார்த்து அப்படியே போடுவதுதான். இதைப் படைப்பாற்றல் என்று சொல்லலாமா? (லாஸ்பேட்டை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பார்த்துப் போடுவதில் தவறில்லை, கை அப்படித்தான் பழகும். ஆனால் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் ஏன் திரும்ப வேண்டும்?

சிக்குக் கோலத்தின் விதி சின்னதுதான்: இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இந்தச் சின்ன விதியிலிருந்து பிறக்கும் வடிவங்களுக்கு முடிவே கிடையாது. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணித இலக்கணமாகவே எழுதிப் பார்த்தார்கள். கணினி அறிவியலில் இன்றும் பேசப்படும் ஆய்வு அது. நம் வாசலில் தினமும் நடப்பதை அவ்வளவு மதிப்போடு பார்த்தார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

நீங்கள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, ஐந்து வரிசைப் புள்ளியில் மனம் போனபடி இழையை விடுங்கள். ஒரே இழையில் முடிந்ததா, இரண்டு இழையாகப் பிரிந்ததா என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். பிரிந்திருந்தால், அந்த இரண்டு இழைகளும் குறுக்கே வெட்டும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே வெட்டிப் போகாமல் இரண்டும் ஒதுங்கித் திரும்பும்படி மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை முதல் தடவை தானாகக் கண்டுபிடிக்கும் பெண்களின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! விதி இருப்பதால்தான் விளையாட்டு வருகிறது. வெறும் தரையில் ‘எதையாவது போடு’ என்றால் பாதிப் பேருக்குக் கை ஓடாது.

போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்களே? (முத்தியால்பேட்டை)

வருவார்கள், பரிசு நின்றதும் போய்விடுவார்கள். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஏற்கெனவே வரைவதில் ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளிடம், ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படிக் குறையவில்லை. அது பிள்ளைகளிடம் பார்த்தது. பெரியவர்களிடமும் அதே சாயலைத்தான் நான் காண்கிறேன். அதனால் எங்கள் கூடுகையில் பரிசு கிடையாது, சுண்டல் உண்டு.

முழங்கால் வலி. ஓடியாட முடியாது. (ஓய்வுபெற்றவர், புதுச்சேரி)

ஐயா, உங்கள் ஊரிலேயே பெத்தாங்க் ஆடுகிறார்கள், போய்ப் பாருங்கள். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் தெற்கே லா சியோத்தா என்ற ஊரில், மூட்டு வலியால் ஓடிவந்து எறிய முடியாத ஓர் ஆட்டக்காரரை மனதில் வைத்து உருவான ஆட்டம் அது. வட்டத்துக்குள் நின்றபடியே இரும்புப் பந்தை எறிய வேண்டும். 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் குட்டி மரப்பந்துக்குப் பக்கத்தில் அது போய் நிற்க வேண்டும். பந்து 650 கிராமுக்குக் குறையாது, தோள்பட்டையில் வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் உருட்டுவதா, எதிராளியின் பந்தை அடித்துத் தள்ளுவதா என்று ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வைக்கும்.

பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். (அரியாங்குப்பம்)

தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் வரைந்து, மகனையே புலியாக ஆடச் சொல்லுங்கள். 3 புலி, 15 ஆடு. அப்புறம் ‘ஒரு புலியைக் குறைத்தால் எத்தனை ஆடு போதும்?’ என்று கேளுங்கள். கேலிக்கு நேரம் இருக்காது.

செய்ததைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடலாமா? (தேவனாம்பட்டினம்)

முதல் ஒரு மாதம் வேண்டாம். யார் பார்த்தார்கள் என்று மனம் எண்ண ஆரம்பித்துவிடும்.

களிமண்ணில் ஏதாவது செய்ய ஆசை. சூளைக்கு எங்கே போவது? (நெல்லிக்குப்பம்)

சூளையே வேண்டாம் அம்மா. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. புதுச்சேரிப் பக்கம் போனால் அந்தக் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மண்ணுக்கு உங்கள் ஊர்ப் பக்கத்துக் குயவரிடமே கேட்கலாம். ஈரத்துணியில் சுற்றிப் பையில் கட்டி வைத்தால் சீக்கிரம் இறுகாது. செய்த பொம்மை காய்ந்துவிட்டால் உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி பிசைந்துகொள்ளலாம். சுட்ட பிறகுதான் அது முடியாது.