பெரிய டேப்லெட்டின் கேமரா போதுமா?

கேள்வி: பன்னிரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட டேப்லெட் வாங்க விரும்புகிறேன். கச்சேரிக் காணொளிகளைப் பார்ப்பதற்கும் தாராசுரம் கோயில் சிற்பங்களைப் படமெடுப்பதற்கும் அது ஒன்றே போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பார்ப்பதற்குப் போதும், படமெடுக்க நல்ல கைப்பேசியே மேல். டேப்லெட்டுகளில் பெரும்பாலும் சிறிய சென்சாரே இருப்பதாலும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் லென்ஸ் அமைப்பு அவற்றில் அரிது என்பதாலும், மண்டபத்தின் மங்கிய ஒளியில் எடுக்கும் படங்களில் ஐராவதேசுவரர் கோயில் தூண்களின் நுண்ணிய சிற்பங்கள் குழைந்தே தெரியும். மெகாபிக்சல் எண்ணிக்கை இக்குறையை ஈடுசெய்யாது. எடையும் ஒரு தடையே, 14.6 அங்குலச் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 அல்ட்ராவின் எடை 732 கிராம்.

திரையின் அகல-உயர விகிதத்தை அவசியம் கவனியுங்கள். 16:9 காணொளி 4:3 திரையில் ஓடும்போது கால் பங்கு கறுப்புப் பட்டையாகிவிடும். 16:10 திரையில் பத்தில் ஒரு பங்கே வீணாகும். இருபுறமும் ஒலிபெருக்கிகள் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கடையிலேயே திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்னக் கீர்த்தனைப் பதிவொன்றை ஒலிக்கவிட்டு, அத்தனை குரல்களுக்கு நடுவே மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். இத்தகைய தாழ்ந்த ஒலிகளில்தான் மெல்லிய டேப்லெட்டுகள் பெரும்பாலும் தோற்கின்றன. இணையவழிப் பாட்டு வகுப்பும் உண்டென்றால், முன்கேமரா நீண்ட பக்கத்தின் நடுவில் அமைந்த மாதிரியை வாங்குங்கள்.