ஆறு நிமிட நடை 40 மீட்டர் குறைந்தால்

ஒரு எண்ணை வைத்து டுஷேன் என்ற தசைச் சிதைவு நோய் தீவிரமாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் ஆறு நிமிடத்தில் 370 மீட்டர் நடந்த உங்கள் பையன், மூன்று மாதம் கழித்து தக்கலை வீட்டுத் தாழ்வாரத்தில் 330தான் நடந்தான் என்கிறீர்கள். தாழ்வாரம் 10 மீட்டர்!

சந்தேகம் அங்கேதான். டுஷேன் பிள்ளைகளுக்கு வழக்கமாக 25 மீட்டர் தடம் போடுவார்கள். உங்கள் வீட்டில் இரண்டரை மடங்கு திருப்பங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைந்து, உடம்பை நிதானப்படுத்தி, மறுபடி நடையைப் பிடிக்க வேண்டும். மழை ஈரம் வேறு.

அடுத்த முறை அதே 25 மீட்டர் தடம், அதே செருப்பு. பள்ளி விட்டு வந்த களைப்பில் வேண்டாம். விழுந்தால் பிடிக்க ஒருவர் பின்னால் நடக்கட்டும். கூடவே, மல்லாந்து படுத்திருந்து எழுந்து நிற்க எத்தனை விநாடி என்று குறித்து வையுங்கள். முழங்காலில் கை ஊன்றி எழுகிறானா என்பதையும் எழுதுங்கள். எனக்கு இது நடைத் தூரத்தைவிட உபயோகமாகப் படுகிறது.

ஒரே மாதிரி அளந்தும் 30 மீட்டருக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சுமார் ஏழு வயது வரை வளர்ச்சியால் தூரம் கூடவும் செய்யும். அதனால் நோய் நின்றுவிட்டது என்று ஆகாது. அடிக்கடி விழுந்தாலோ கணுக்கால் இறுகினாலோ அடுத்த அளவுக்குக் காத்திருக்காதீர்கள். அப்புறம், இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.