கை கழுவிக்கொண்டே இருக்கும் மகன்: மூளை ஸ்கேன் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு வயது 11. ஆறு மாதமாகக் கை கழுவிக்கொண்டே இருக்கிறான், விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. பள்ளிப் பையைக் கட்டிலில் வைத்தால் அழுகிறான். “அம்மா, எனக்கு ஒன்றும் ஆகாதே?” என்று ஓயாமல் கேட்கிறான். மூளையில் கோளாறாக இருக்கும், ஸ்கேன் எடு என்கிறார்கள் உறவினர்கள். எடுக்கலாமா?
– ஒரு தாய், பெரம்பூர், சென்னை

பதில்: அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. நீங்கள் சொல்வது ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோயைப் போலிருக்கிறது. நேரில் பேசித்தான் இதை உறுதிசெய்வார்கள். வலிப்பு, தீராத தலைவலி, நடையில் தடுமாற்றம் இருந்தால் ஸ்கேன் பற்றி யோசிக்கலாம். தொண்டைப் புண் வந்த கையோடு ஓரிரு நாளில் திடீரென்று தொடங்கியிருந்தால், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மூளையில் மாற்றம் இருப்பது உண்மைதான். கண்களுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி ‘ஏதோ தவறு’ என்று எச்சரிக்கும். ஆழத்தில் உள்ள காடேட், தாலமஸ் ஆகியவை அதை வடிகட்டி அடக்க வேண்டும். ஓ.சி.டி.யில் இந்தச் சுற்று ஓய்வதில்லை. மோட்டாரை நிறுத்திய பிறகும் கத்திக்கொண்டிருக்கும் மாடித் தொட்டி அலாரம் மாதிரி. ஆனால் இந்த வித்தியாசம் பலரின் படங்களைச் சேர்த்து ஒப்பிட்டால்தான் புலப்படும். உங்கள் மகனின் படத்தில் தனியாகத் தெரியாது.

மூளை என்றதும் மாற்றவே முடியாது என்று பயப்படுகிறோம். 1992இல் கலிஃபோர்னியாவில் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மாத்திரையால் குணம் கண்டவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சையால் குணம் கண்டவர்களுக்கும் காடேட்டின் மிகை இயக்கம் ஒரே விதமாகத் தணிந்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை, 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 112 பேர் 12 வாரம் கண்காணிக்கப்பட்டார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் செர்ட்ரலின் என்ற மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 54 சதவீதத்தினர் ஏறக்குறைய நோயின்றி மீண்டார்கள். நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 21.

இந்த நடத்தைச் சிகிச்சை வெறும் அறிவுரை அல்ல. பையின் வாரைத் தொட வைப்பார்கள். ஐந்து நிமிடம் கழுவக் கூடாது. பதற்றம் ஏறும், பிறகு கழுவாமலேயே இறங்கும். அதை அவனே அனுபவித்து உணர வேண்டும். அடுத்த வாரம் பத்து நிமிடம், பிறகு பை கட்டிலுக்கு வரும்.

வீட்டில் கடினமான வேலை உங்களுக்குத்தான். “ஒன்றும் ஆகாது கண்ணா” என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் நோய்க்குத் தீனி கிடைக்கிறது. அதற்காக நாளைக்கே வாயை மூடிக்கொள்ள வேண்டாம்; திட்டவும் வேண்டாம். சிகிச்சையாளருடனும் மகனுடனும் பேசி, பதில்களைப் படிப்படியாகக் குறையுங்கள். (பாட்டி ‘சுத்தக்காரப் பிள்ளை’ என்று மெச்சுவதையும்தான்.)

மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் படபடப்போ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சோ வந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ விசாரியுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, கட்டணமில்லை. எங்கே போனாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “பையனைத் தொட வைத்துப் பழக்குவீர்களா, பேசி மட்டும் அனுப்புவீர்களா?” பேச்சு மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.